பாட்டரிக்குப் பின்னால் மூன்றாவது பெட்டி

உனக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நான் வந்த பிறகுதான் வைக்க வேண்டும் என்று உன் அம்மா பிடிவாதமாக இருக்கிறாள். அதனால் வெறும் ‘மகனே’ என்றே தொடங்குகிறேன். நீ பிறந்து இன்றோடு பத்தொன்பது நாள். நல்லேப்பிள்ளியில், உன் அம்மா பிறந்த வீட்டில், சேலைத் தொட்டிலில் கிடக்கிறாய். நான் போடிமெட்டிலிருந்து ஏழு மைல் உள்ளே ஒரு தேயிலை எஸ்டேட்டின் டெலிபோன் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். உன்னை இன்னும் பார்க்கவில்லை. இதை நீ படிக்கும்போது உனக்கு என் வயது, இருபத்தேழு, ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன் படித்தால் உனக்குப் புரியாது. புரிந்தாலும் என்னை மன்னிக்க அவசரப்படுவாய். நான் எல்லாவற்றிலும் அவசரக்காரன், ஆனால் அந்த ஒரு அவசரம் மட்டும் உனக்கு வேண்டாம்.

முதலில் இந்த அறையைச் சொல்லிவிடுகிறேன், இதுதான் என் ஜெயில். ஆபீஸ் கட்டடத்தின் கடைசி அறை. பத்தடிக்கு எட்டடி. கம்பி போட்ட ஒரே ஜன்னல், அதற்கு வெளியே எப்போதும் மூடுபனி. ஒரு சுவர் நீளத்துக்கு இரும்புச் சட்டம், அதில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். எதிர்ச் சுவரோரம் ஐம்பது வோல்ட்டுக்கு வரிசையாக பாட்டரிகள். அவற்றின் ஆசிட் வாடை என் சட்டையில் ஏறி, துவைத்தாலும் போவதில்லை. நடுவே பலகைத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆபரேட்டர் இசக்கியம்மாள் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கும் என் வயதுதான். அப்பா அம்மா இருவரும் இதே எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர்கள். வெளியூர் பேச எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு டிரங்க் லைன், அது அவள் சுவிட்ச்போர்டுப் பலகையில்தான் வந்து விழும். எஸ்டேட்டுக்குள் பேசுவதற்கு அவள் தயவு வேண்டாம். டயலைச் சுற்றினால் மெஷினே இணைத்துவிடும். அந்த மெஷினுக்கு நான் பொறுப்பு.

அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் நான் செய்த தப்பு உனக்குப் புரியாது. அதனால் பொறுமையாகக் கேள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அறுபது பேர் கூடையோடு வந்து நிற்கிறார்கள், தராசு ஐந்துதான் இருக்கிறது என்று வைத்துக்கொள். ஒரே நேரத்தில் ஐந்து பேர்தான் நிறுக்க முடியும், ஆறாவது ஆள் நின்றுதான் ஆக வேண்டும். எக்ஸ்சேஞ்சும் அப்படித்தான். இருபத்தைந்து போன்கள் இருந்தாலும் அவற்றை இணைக்கும் லிங்க் என்ற பகுதி ஐந்துதான் இருக்கும். ரிசீவரை எடுத்ததும் காதில் கேட்கும் அந்த ‘ம்’ என்ற ஒலி, காலியாக இருக்கும் ஒரு லிங்க் உனக்குக் கிடைத்துவிட்டது என்பதற்கு அடையாளம். ஐந்தும் பேச்சில் இருந்தால் ஆறாவது ஆளுக்குக் காதில் ஒன்றும் கேட்காது. போன் செத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வான். செத்ததெல்லாம் இல்லை, வரிசையில் நிற்கிறது.

இந்த வருஷம் எஸ்டேட்டில் இன்னும் இருபத்தைந்து போன் போட முடிவானது. பெரட்டுக் களங்கள், அதாவது காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடங்கள், அப்புறம் ஆஸ்பத்திரி, பிள்ளைக் காப்பகம், தொழிலாளர் வீட்டு வரிசைகளான தூரத்து லயங்கள். பழைய மெஷினைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதே சட்டத்தில் மேலே ஒரு தட்டு சேர்த்துப் பொருத்தினால் ஐம்பது லைன் ஆகிவிடும். அதை விரிவாக்கத் தட்டு என்று சொல்வோம். விற்ற கம்பெனி, பொருத்திக் கொடுக்க ஆள் அனுப்புகிறோம் என்று எழுதியது. நான் பெரிய துரையின், அதாவது எஸ்டேட் மேனேஜரின், மேஜைக்கு முன்னால் நின்று, “வெளியாள் எதுக்கு சார்? நாலு போல்ட், நூறு வயர். பாலிடெக்னிக்ல இதைவிடப் பெருசைப் பிரிச்சுப் போட்டவன் நான்” என்றேன். துரை திருவல்லாப் பக்கத்துக்காரர், தமிழை மலையாளத்தில் நனைத்துப் பேசுவார். “எடோ, உறப்பாணோ?” என்றார், நிச்சயமா என்று. “உறப்பு சார்” என்றேன். அந்த ஒரு சொல்லுக்குத்தான் இன்று வரை இந்த அறையில் கிடக்கிறேன்.

மூன்று மரப்பெட்டிகள் வந்தன. முதல் பெட்டியில் தட்டு. இரண்டாவதில் கேபிள். மூன்றாவது சின்னது, கனமானது. உதிரி சாமான் என்று நானே முடிவு செய்து, திறக்காமல் மூலையில் தள்ளினேன். கூட வந்த புத்தகத்தில் முப்பது பக்கம். படம் இருந்த பக்கங்களைப் பார்த்தேன். எழுத்து இருந்த பக்கங்களைப் பார்க்கவில்லை. தட்டை ஏற்றினேன், போல்ட் முடுக்கினேன், நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் என்று வரிசை பிடித்து ஒவ்வொரு வயராகப் பற்றவைத்தேன். கை சுட்டது, முதுகு ஒடிந்தது, ஆனால் ஆறு நாளில் முடித்தேன். அந்த வேலை சுத்தமான வேலை, இன்றும் சொல்வேன். பற்றவைப்பில் ஒரு புள்ளி பிசகு இல்லை.

திறப்பு விழாவை ஒரு திங்கட்கிழமை வைத்தார்கள். திங்கள் ஏழரைக்கு ராகு காலம் பிறக்கும், அதற்கு முன்னால் முதல் போன் பேசிவிட வேண்டும் என்று கண்டக்டர் கணக்குப் போட்டிருந்தார். கண்டக்டர் என்றால் பஸ் கண்டக்டர் இல்லை, தோட்ட வேலையை நடத்துகிறவர். மெஷினுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, சாம்பிராணிப் புகையை, லைன்களை இணைத்துப் பிரிக்கும் என் ரிலேக்களுக்குள் அடித்தார்கள். துரை பெரட்டுக் களத்தில் புதுப் போனை எடுத்தார். நான் இங்கே ரிசீவரைக் காதில் வைத்துக் காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. ஒலியே வரவில்லை. புதுத் தட்டின் இருபத்தைந்து லைனும் பிணம் மாதிரி கிடந்தன. மணி ஏழு பத்து. கதவடியில் கண்டக்டர் நின்றுகொண்டு, “ஏ போன்காரரே, நேரம் போய்க்கிட்டிருக்கு. தேங்கா உடைச்சாச்சு, இனிமே ஒட்ட வைக்க முடியாது” என்றார்.

எனக்கு உடனே புரிந்தது. புதுத் தட்டுக்கு லிங்க் இல்லை. அறுபது பேரைக் கூட்டி வந்துவிட்டேன், தராசு கொண்டு வரவில்லை. ஏன் இல்லை என்று யோசிக்க நேரமில்லை. பழைய ஐந்து லிங்கில் மூன்றைப் பிடுங்கி, துண்டு வயர் போட்டுப் புதுத் தட்டுக்குத் திருப்பினேன். ஏழு இருபத்தைந்துக்கு ஒலி வந்தது. துரை பேசினார், வெளியே கை தட்டினார்கள். கண்டக்டர் என் நெற்றியில் சந்தனம் வைத்தார். அன்று மாலை துரை எல்லோர் முன்னாலும், “ஒரு ஆளையும் வெளியிலிருந்து விளிக்காமல் செய்தான் இவன்” என்று என் தோளில் தட்டினார். மூன்றாம் நாள் ஒரு ஃபியூஸ் தேடி அந்தச் சின்னப் பெட்டியைத் திறந்தேன். மெழுகுத் தாளில் சுற்றிப் புத்தம் புதிதாக ஐந்து லிங்க்குகள். புத்தகத்தின் ஏழாம் பக்கத்தில் கட்டம் போட்டு எழுதியிருந்தார்கள்: தட்டை ஏற்றும் முன் இவற்றைப் பொருத்தவும்.

மகனே, அன்றே துரையிடம் போய், “தப்பு செய்துவிட்டேன், அரை நாள் மெஷினை நிறுத்தினால் சரி செய்துவிடலாம்” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நெற்றியில் வைத்த சந்தனம் இன்னும் காயாத மாதிரி இருந்தது. பெட்டியை மூடி, பாட்டரிகளுக்குப் பின்னால் தள்ளி, மேலே பழைய சாக்கைப் போட்டேன். நான் மாட்டிக்கொண்டது அந்த நிமிஷத்தில்தான். என்னை யாரும் பூட்டவில்லை.

ஐந்து லிங்க் ஐம்பது போனுக்குப் போதாது. காலை ஆறு மணிக்குப் பெரட்டுக் களங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பேசும், அப்போது புதுத் தட்டுக்கு மூன்று வேண்டும். பதினோரு மணிக்கு மேல் ஃபேக்டரியும் பங்களாக்களும் பேசும், அப்போது பழைய தட்டுக்கு நான்கு வேண்டும். அதனால் இரண்டு துண்டு வயரை மட்டும் கழற்றி மாட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டேன். காலையில் ஆறு மணிக்கு முன் ஒரு தடவை மாற்ற வேண்டும், பதினொன்றுக்கு ஒரு தடவை. தினமும். ஞாயிறு மட்டும் விடுப்பு, ஆனால் துரையின் அனுமதி இல்லாமல் அன்றும் மெஷினை நிறுத்த முடியாது, கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். ஒரு நாள் காய்ச்சலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து மாற்றிவிட்டுப் போய்ப் படுத்தேன். போடிமெட்டுக் கடைக்குப் போய் ஒரு பிளேடு வாங்க முடியவில்லை. போனில் ஒலி வரவில்லை என்று யாராவது சத்தம் போட்டால், “மழை, கேபிள்ல ஈரம்” என்பேன். இந்த மலையில் மழையைச் சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். மெஷின் வாங்கியது ஆள் இல்லாமல் நடப்பதற்கு. நான் அதற்குள் ஒரு உறுப்பாகப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஏழாம் மாதம் சீர் முடிந்து, பிரசவத்துக்காக உன் அம்மா நல்லேப்பிள்ளிக்குக் கிளம்பியபோது போடிமெட்டில் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாகக் கேட்டாள்: “ஏனுங்க, நெசமா வந்துருவீங்களா? எங்கூட்டுல எல்லாரும் இருப்பாங்க, ஆனா எனக்கு நீங்க இருக்கோணும்.” பத்து நாள் முன்னாலேயே வந்துவிடுவேன் என்றேன். இப்போது நான் எழுதப் போவதை அவள் இன்னும் அறிய மாட்டாள். துரை எனக்கு லீவு கொடுத்தார். கேட்ட அன்றே, ஒரு கேள்வி கேட்காமல், இருபது நாளுக்குக் கையெழுத்துப் போட்டார். “போய் வா, முதல் குழந்தையல்லே” என்றார். அந்தத் தாளை என் மேஜை டிராயரில் வைத்துவிட்டு உன் அம்மாவுக்கு எழுதினேன்: துரை விட மாட்டேன் என்கிறார்.

நீ பிறந்த செய்தி தந்தியாக வந்தது. இங்கே தந்தியை முதலில் டிரங்க் லைனில் வாசித்துவிடுவார்கள், இசக்கியம்மாள் எழுதிக்கொள்வாள், காகிதம் பிறகு தபாலில் வரும். காலை ஒன்பது மணிக்கு வந்திருக்கிறது. நான் அப்போது ஃபேக்டரியில் இருந்தேன். அங்கே போனில் ஒலி வரவில்லை என்று புகார். ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு துண்டு வயரும் இன்னும் புதுத் தட்டில் கிடக்கின்றன, பழைய தட்டுக்கு இருக்கிற இரண்டு லிங்கிலும் பங்களாக்கள் பேசிக்கொண்டிருக்கின்றன. ஆனால் ஃபேக்டரியை நடத்துகிற டீ மேக்கர் பக்கத்திலேயே நின்றதால், ஒரு கோளாறும் இல்லாத போனைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தேன். பதினோரு மணிக்குத் திரும்ப முடியவில்லை. அவ்வளவு நேரமும் இசக்கியம்மாள் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து ஃபேக்டரி எண்ணைச் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறாள். லிங்க் கிடைக்கவில்லை. பன்னிரண்டு மணிக்குப் பலகையைப் பூட்டிவிட்டு, தாளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு மழையில் நடந்தே வந்தாள். ஆண் குழந்தை, இருவரும் நலம். உன் தகப்பனுக்கு அந்தச் செய்தி வந்து சேர மூன்று மணி நேரம் ஆனது. அதைத் தடுத்து வைத்திருந்தது மழை இல்லை.

அவள் வாழ்த்தும் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. மறுநாள் பதினோரு மணிக்கு நான் வயரை மாற்றும்போது தடுப்பின் ஓரமாக வந்து நின்றாள். “சார், ஒண்ணு கேக்கட்டா? ஒரு மாசமா பாத்துட்டுதான் இருக்கேன். காலைல ஒரு சாமிக்குப் பூ வைக்கிய, பதினொண்ணுக்கு இன்னொரு சாமிக்கு வைக்கிய. நம்ம கோயில் பூசாரிகூட செவ்வாய் வெள்ளிதான் வாராரு.”

“உனக்குப் புரியாது. இது டெக்னிக்கல்.”

“புரியாதுதான். நான் பத்தாங்கிளாசு. ஆனா பாட்டரிக்குப் பின்னால சாக்கப் போட்டு மூடி வச்சிருக்கியளே, அதுக்குப் பேரு என்ன சார்? அதுவும் டெக்னிக்கலா?”

உன் வேலையைப் பார் என்றேன். அவள் போகவில்லை. “என் வேலையத்தான் பாக்கேன். ஆஸ்பத்திரி போனும் அந்தப் புதுத் தட்டுலதான் இருக்கு. நேத்து உங்க நல்ல சேதி நின்னுது, சரி. நாளைக்கு ஒரு கெட்ட சேதி நிக்கும். அன்னைக்கும் மழையா?” என்றாள்.

அதற்கும் நான் அசையவில்லை என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவள் சொன்னது சரி என்று அன்றே தெரியும். தெரிந்தும் ஒன்பது நாள் வயரை மாற்றினேன். பத்தாம் நாள் உன் அம்மாவின் கடிதம் வந்தது. “நீங்க வரலீன்னு நான் ஒண்ணும் நெனச்சுக்கலீங்க. தொரை உடமாட்டீங்கறாரு, நீங்க என்ன பண்ணுவீங்க. பையன் உங்களாட்டவே அவசரக்காரன், பாலுக்கு ஒரு நிமிசம் பொறுக்கறதில்ல. பேரு நீங்க வந்துதான் வெக்கோணும். அப்பன் வர்ற வாரம் நேராவே வந்து தொரையக் கும்புட்டுக் கேக்கறேங்கறாரு.” உன் தாத்தா நெல்வயலை விட்டு ஒரு நாள் நகராதவர். தாசில்தாரையே நிற்க வைத்துப் பேசி அனுப்பியவர். அவர் என் பொய்யைத் தலையில் சுமந்துகொண்டு ஐந்து பஸ் மாறி வந்து, இங்கே குற்றமில்லாத ஒரு மனிதருக்கு முன்னால் கை கூப்பி நிற்கப் போகிறார். அந்தக் காட்சியை நினைத்தபோதுதான் என் கால் நகர்ந்தது. தைரியத்தால் ஒப்புக்கொண்டேன் என்று நினைத்துவிடாதே. பயத்தால் ஒப்புக்கொண்டேன். எதனால் என்றாலும் ஒப்புக்கொள்வது நல்லது, அவ்வளவுதான் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை துரையின் அறைக்குப் போய், அந்தச் சின்னப் பெட்டியை மேஜை மேல் வைத்துத் திறந்து காட்டினேன். நின்றபடியே எல்லாம் சொன்னேன். அவர் ஒரு லிங்க்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எத்தனை நாளாயிட்டு?”

“நாற்பது நாள் சார்.”

“அப்ப மழை?”

“மழை இல்லை சார்.”

“நான் லீவுக்குக் கையெழுத்து இட்டேனே. நீ போகாததுக்கு இதாணோ காரணம்?” தலையாட்டினேன். “வீட்டில என்ன சொன்னாய்?” என்றார். பெட்டியின் மூடியை எடுத்து மூடப் பார்த்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அவருக்கே தெரிந்துவிட்டது என்று புரிந்தது. லிங்க்கை மேஜையில் மெதுவாக வைத்தார். “எடோ, மெஷினில் தெற்று, தப்பு, யாருக்கும் பற்றும். அது சாரமில்லை, பெரிய காரியமல்ல. ஆனா நான் காணாத ஒரு பெண்ணு இருபது நாளா என்னைச் சபிச்சுக்கொண்டிருக்கா, அல்லே? எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள் உண்டு.” பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஞாயிறு மெஷினை நிறுத்திச் சரி செய்ய வேண்டும், எல்லா இணைப்பையும் எழுதி வைக்க வேண்டும், இசக்கியம்மாளுக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டும், இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்தால் வேலை உண்டா என்று கேட்டேன். “வந்து சோதிக்கு” என்றார், வந்து கேள் என்று. திரும்பிப் பார்க்கவில்லை. உன் தாத்தா வர வேண்டாம், நானே வருகிறேன் என்று அன்றே தந்தி கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஃபியூஸ்களைப் பிடுங்கியதும் ரிலேக்களின் சடசடப்பு நின்றது. அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. இசக்கியம்மாள் முக்காலியில் உட்கார்ந்து ஏழாம் பக்கத்தை விரல் வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தாள். நான் வழக்கம்போல அவள் முடிக்கும் முன் கையை நீட்டினேன். “அடுத்த வரி இன்னும் வாசிக்கல. கைய எடுங்க சார்” என்றாள். அன்று முழுக்க அப்படித்தான். ஒரு வரி, ஒரு வேலை. இணைப்புகளை நான் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டவள், முப்பத்தேழாவது லைனில் நின்றாள். “பழுப்புன்னு சொல்லுதிய. இங்கன சாம்பல்லா இருக்கு?” எட்டிப் பார்த்தேன். சாம்பல்தான். எல்லாம் என் தலையில் இருக்கிறது என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். என் தலையிலேயே தப்பாக இருந்திருக்கிறது. அவள் சிரித்த சிரிப்பு பெரட்டுக் களம் வரை கேட்டிருக்கும். நானும் சிரித்தேன், ஒன்றரை மாதத்துக்குப் பிறகு.

இன்று செவ்வாய். காலை ஐந்தே முக்காலுக்கு என் கால் தானாக என்னை இந்த அறைக்குக் கொண்டுவந்துவிட்டது. கை சட்டத்தின் பக்கம் நீண்டது. மாற்ற அங்கே துண்டு வயர் இல்லை. ஆறு மணிக்குப் பெரட்டுக் களங்கள் எழுந்தன, லிங்க்குகள் ஒவ்வொன்றாகத் தாமாகவே படியேறிப் பிடித்தன. எட்டு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒருவரும் என்னைத் தேடவில்லை. சும்மா நின்றேன். விடுதலை இப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. யாருக்கும் வேண்டாதவன் மாதிரி இருந்தது. இந்தப் பூட்டை நானே போட்டுக்கொண்டதற்கு அந்த பயமும் ஒரு காரணமோ என்னவோ. உனக்கும் ஒரு நாள் அப்படித் தோன்றலாம். நீ இல்லாவிட்டால் ஒரு காரியம் நின்றுவிடும் என்று யாராவது உன்னைப் புகழ்ந்தால், சந்தோஷப்படுவதற்கு முன் போய் அந்தக் காரியத்தைத் திறந்து பார். எங்கேயோ ஒரு துண்டு வயர் தொங்கும்.

நாளை காலை எஸ்டேட் ஜீப்பில் போடிமெட்டு. அங்கிருந்து போடி இறங்கி, திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி. மீனாட்சிபுரம் தாண்டினால் உன் ஊர். வீட்டுக்குள் நுழைந்ததும் உன்னைத் தூக்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். தூக்கிவிட்டால் உன்னைக் காட்டி இதைச் சொல்லாமல் தப்பித்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். முதலில் இந்தக் கடிதத்தை உன் அம்மா கையில் கொடுப்பேன். துரை கையெழுத்துப் போட்ட லீவுத் தாளையும் உள்ளே மடித்து வைத்திருக்கிறேன். அதில் தேதி இருக்கிறது, நீ பிறப்பதற்குப் பதிமூன்று நாள் முன்னால். அவள் கடைசி வரி வரை படித்து முடிக்கும் மட்டும் வாசலில் நிற்பேன். என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும். இது உன் கையில் இருக்கிறது என்றால், அவள் இதைக் கிழிக்கவில்லை.